இருபத்தைந்து நிமிடத் தண்ணீர்

இடதுகரை வாய்க்காலில் என்னோடு விழுந்து குளித்தவர்களில் எத்தனை பேர் இன்னும் இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. வெளிநாட்டில் சிலர், மண்ணுக்குள் சிலர், என்னைப் போல முழங்கால் நோவோடு இங்கேயே சிலர். இருக்கிறவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். நம் வாய்க்காலில் ஒரு மனிதருக்குக் கைவிரல்கள் போன கதை உங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போன ஆனி மாதம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவின் கைமணிக்கூட்டை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அம்மாவின் தம்பி கப்பலில் இயந்திர அறையில் வேலை செய்தவர். ஒருமுறை லீவில் வந்தபோது அதை அப்பாவின் கையில் கட்டிவிட்டுப் போனார். கறுப்பு முகம், உருக்கு உடம்பு, உருக்குப் பட்டி. கையில் எடுத்தால் ஒரு பெரிய மாங்காயின் பாரம் இருக்கும். வழமையான மணி முள்ளும் நிமிட முள்ளும் போக, முகத்துக்குள் இடமும் வலமுமாக இரண்டு சின்ன வட்டங்கள். இடது வட்டத்தில் நொடி முள் எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கும். வலது வட்டத்தில் பத்து, இருபது, முப்பது என்று எழுதியிருக்கும். இவற்றுக்கு மேலே மெல்லிய நீளமான ஒரு முள் பன்னிரண்டில் அசையாமல் நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "நீட்டு முள்ளு ஓடேல்லை, மச்சான் செத்த மணிக்கூட்டைத் தந்து உன்னைப் பேக்காட்டிப்போட்டான்" என்று சொல்லி, காதில் வைத்துக் குலுக்கியும் பார்த்தார்.

பக்கவாட்டில் சாவி கொடுக்கிற திருகுக்கு மேலும் கீழும் இரண்டு பொத்தான்கள். மேல் பொத்தானை அமத்தினால் அந்த நீட்டு முள் ஓடத் தொடங்கும். அது ஒரு சுற்று முடிக்கிறபோது வலது வட்டத்தின் சின்ன முள் ஒரு கோடு நகரும். அதுதான் ஒரு நிமிடம். திரும்ப அமத்தினால் எல்லாம் அப்படியே நிற்கும். கீழ்ப் பொத்தானை அமத்தினால் இரண்டு முட்களும் ஒரே துள்ளலில் தொடங்கிய இடத்துக்கு வந்துவிடும். கப்பலில் இயந்திரத்தின் சுழற்சியை அளக்க வைத்திருந்ததாம். மாமா சொல்லித் தந்தது இவ்வளவுதான். நாங்கள் கேட்டதும் இவ்வளவுதான்.

அப்பாவுக்கு வாய்க்கு முன்னால் கை வரும். மாடு இழுக்காவிட்டாலும் அடி, சோறு குழைந்தாலும் அடி. அம்மாவின் முன்பல் ஒன்று இல்லாமல் போனது எப்படி என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, எல்லா வீட்டுக் குசினிக்குள்ளும் அப்படி ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருந்தது. அவரை நான் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அவருக்குப் பயந்து பயந்தே என் பிள்ளைக்காலம் போனது என்று மட்டும் சொல்கிறேன்.

அந்தக் கோடைச் சிறுபோகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மாரி பொய்த்து, குளம் கால்வாசிகூட நிரம்பவில்லை. ஆளுக்கு அரை ஏக்கர்தான் விதைக்கலாம் என்று கூட்டத்தில் முடிவானது. எங்கள் கிளை வாய்க்காலில் ஆறு காணிகள். வாரத்தில் இரண்டு நாள் காலையில் குளத்து மதகான துருசைத் திறந்து, ஆறு பேருடைய முறையும் முடிகிற கணக்குக்கு மூடிவிடுவார்கள். தண்ணீர்ச் சண்டையில் ஒரு மண்டையாவது உடையாத சிறுபோகம் நம் ஊரில் இருந்ததில்லை. முந்தின போகத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே மடையில் மண்வெட்டியால் அடிபட்டு, தம்பிக்குக் காது கேளாமல் போயிருந்தது.

இதற்கெல்லாம் முடிவு தன் மணிக்கூட்டில் இருக்கிறது என்று அப்பா சொன்னார். ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம். முதல் காணிக்காரர் மடையைத் திறந்ததும் மேல் பொத்தானை அமத்துவார். சின்ன முள் இருபத்தைந்தில் வந்ததும் மடையை அடைத்து, மணிக்கூட்டை நிற்பாட்டி, ஒரு பவுடர் டின்னுக்குள் வைத்து அடுத்த காணிக்காரரிடம் கொடுப்பார். கொடுக்கும்போது முள்ளைப் பின்னுக்கு அனுப்பக் கூடாது. வாங்குகிறவர் இருபத்தைந்து என்று தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கீழ்ப் பொத்தானை அமத்தித் தன் முறையைத் தொடங்கலாம். ஒருவரை மற்றவர் நம்பத் தேவையில்லை. ஆறு பேரும் வாய்க்கால் கரைப் பிள்ளையாருக்கு முன் மணிக்கூட்டை வைத்து, அது சொல்வதே முடிவு என்று கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தார்கள். அன்று அப்பாவின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்து எனக்கும் பெருமையாக இருந்தது.

முறை நாளில் மட்டும் அப்பா அதற்குச் சாவி கொடுப்பார். மற்ற நாட்களில் அது அலுமாரிக்குள் நின்றுபோய்க் கிடக்கும். அதனால் அது காட்டிய மணி எப்போதும் பிழை. அதைச் சரிபார்த்து வைக்க யாரும் மினக்கெடவில்லை. "பெரிய முள்ளுகளைப் பாக்காத, சின்ன வட்டத்தை மட்டும் பார்" என்றுதான் அப்பா எனக்குச் சொல்லித் தந்தார். எனக்கு அப்போது பத்து வயது. அப்பா காணிக்குள் தண்ணீர் பரப்ப, மணிக்கூட்டைப் பார்த்திருந்து கூப்பிடுவது என் வேலை. அந்தப் போகம் முழுக்க முறை நாட்களில் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பவில்லை.

எங்களுடையது ஐந்தாவது காணி. ஆறாவதை, வாய்க்காலின் கடைசிக் காணியை, மலைநாட்டில் அடித்து விரட்டப்பட்டுக் குடும்பத்தோடு லொறியில் வந்த ஒருவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். வயல் வேலையை இங்கே வந்துதான் பழகினார். ஒல்லியான உடம்பு, எப்போதும் வெள்ளைத் துண்டால் தலைப்பாகை. யாழ்ப்பாணத்திலிருந்து காணி கிடைத்து வந்த நம் ஆட்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. தோட்டக்காட்டான் என்பார்கள். பிள்ளைகளாகிய நாமும் அதைத்தான் சொன்னோம். அது என்ன சொல் என்று தெரிந்துதான் சொன்னோம்.

முதல் முறை நாளிலேயே நான் பிழை விட்டேன். சின்ன முள் இருபத்தேழுக்குப் போன பிறகுதான் கூப்பிட்டேன். அப்பா ஓடி வந்து மடையை அடைத்துவிட்டு, திரும்பிய கையோடு எனக்கு ஒன்று தந்தார். மணிக்கூட்டை என்னிடம் வாங்கி நிற்பாட்டித் தன் கையில் கட்டியிருந்தார். உருக்குப் பட்டி புருவத்துக்கு மேலே கிழித்தது. கண்ணுக்குள் இரத்தம் இறங்கி ஒரு பக்கம் தெரியவில்லை. வரம்பில் கிடந்த என்னை இரண்டாம் தரம் அடிக்கக் குனிந்தபோது, கடைசிக் காணிக்காரர் நடுவில் வந்து நின்றார்.

"விடுங்க ஐயா, ரெண்டு நிமிசந்தானே, போகட்டும். சின்னப் புள்ள, செத்துறப் போகுது."

"உன்ர வேலையைப் பார். என்ர பிள்ளையை வளர்க்க எனக்குத் தெரியும்."

அவர் தலைப்பாகைத் துண்டை அவிழ்த்து என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. அதைத் தொட்டால் அம்மா ஏசுவா என்று நினைத்தேன்.

ஆறேழு முறை ஒழுங்காக நடந்தது. மண்டைகள் உடையவில்லை. மணிக்கூடு டின்னுக்குள் இருந்தபடி வாய்க்கால் வழியே கை மாறிப் போனது. மற்ற வாய்க்கால்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அப்பா பேசும்போது இடது கையைச் சும்மா சும்மா தூக்குவார். வீட்டில் அடி குறையவில்லை, ஆனால் அடிக்கு நடுவே கொஞ்சம் சிரிப்பும் இருந்தது.

நெல் பால் பிடிக்கிற நேரம். காற்று காய்ந்து, வரம்புகள் வெடித்திருந்தன. முந்தின முறையில் துருசில் ஏதோ பழுதென்று தண்ணீர் வரவே இல்லை. ஆகையால் அன்றைய தண்ணீர் கிடைக்காவிட்டால் கதிர் பதராகிவிடும் என்று ஆறு பேருக்கும் தெரியும். அப்பா எங்கள் மடையைத் திறந்தபோது பள்ளிக்கூட மணி அடித்தது. பொத்தானை அமத்தி மணிக்கூட்டை என்னிடம் தந்துவிட்டு, எலி வளைகளை அடைக்கக் காணியின் மறு தலைப்புக்குப் போய்விட்டார்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், காட்டோரத்தில் நின்ற பாலை மரத்தைச் சொன்னால் உங்களுக்கே வாய் ஊறும். குரங்குகள் வந்து உலுப்பிவிட்டுப் போயிருந்தன. மஞ்சள் பழங்கள் நிலம் முழுக்கக் கிடந்ததை நான் இருந்த இடத்திலிருந்தே பார்க்க முடிந்தது. சின்ன முள் ஐந்தில் நின்றது. இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது, நாலு பழம் பொறுக்கிக்கொண்டு ஓடி வந்துவிடலாம். மணிக்கூட்டை டின்னுக்குள் போட்டு மடைக் கட்டில் வைத்துவிட்டு, பாலமாகப் போட்டிருந்த மரக்குற்றியில் ஏறி அந்தப் பக்கம் போனேன்.

நாலு பழம் என்று போனவள்தான். ஒன்று தின்றால் ஒன்று. பழத்தின் பால் சொண்டில் ஒட்டி, விரலில் ஒட்டி, விரலால் துடைத்த கன்னத்திலும் ஒட்டியது. சட்டையின் முன்பக்கத்தை மடித்துப் பொறுக்கினேன். அப்பாவும் தண்ணீரும் என் நினைவிலிருந்து போய்விட்டன. பள்ளிக்கூட மணி ஒருமுறை கேட்டது. அப்போதுதான் திடுக்கிட்டு, பழங்களைக் கொட்டிவிட்டு ஓடினேன். ஓடும்போதே புருவத்துக்கு மேலே பழைய காயம் துடித்தது. டின்னைத் திறந்து பார்த்தேன். சின்ன முள் பத்தில் நின்றது.

பத்து. ஐந்து நிமிடம்தான் போயிருக்கிறது. என் வயிறு நிறைந்திருந்தது, வாய் முழுக்கப் பசை, வெயில் இடம் மாறியிருந்தது. எல்லாமே அதிக நேரம் போய்விட்டது என்றுதான் சொன்னது. ஆனால் மணிக்கூடு பத்து என்றது. நான் மணிக்கூட்டை நம்பினேன். நம்ப ஆசையாகவும் இருந்தது. அதன் பிறகு கண்ணை எடுக்கவில்லை. சரியாக இருபத்தைந்தில் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து மடையை அடைத்தார். நான் பொத்தானை அமத்தி நிற்பாட்டினேன்.

கடைசிக் காணிக்காரர் அதற்குள் வரம்பில் எங்களை நோக்கி வந்துவிட்டார்.

"ஐயா, என் முறை எப்பவோ வந்திருக்கணுமே."

"இந்தா, உன்ர கண்ணால பார். இருபத்தஞ்சு."

அவர் டின்னை வாங்கிக் குனிந்து பார்த்தார். "இருபத்தஞ்சுதான் காட்டுது. ஆனா நீங்க மடையத் திறக்கயில பள்ளிக்கூடத்துல மணி அடிச்சுச்சுங்க. பொறகு இன்னொரு மணியும் அடிச்சு முடிஞ்சிருச்சு. ஒரு பாடமே போயிருச்சு ஐயா. ஒரு பாடம் நாப்பது நிமிசம்."

"அது பியோன் நித்திரையால எழும்பி அடிக்கிற மணி. இது கப்பல் மணிக்கூடு. நீயும் சத்தியம் பண்ணினனியெல்லோ?"

அவர் என் பக்கம் திரும்பினார். நான் சட்டையால் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். வாயைத் திறந்தார். பிறகு அப்பாவின் கையைப் பார்த்தார், அதில் சேறு வழிய மண்வெட்டி இருந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டு, "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு டின்னோடு போனார். பொய் சொல்லிப் பிடிபட்டவன் இப்படித்தான் முழிப்பான் என்று நான் நினைத்தேன்.

அவருடைய மடையில் தண்ணீர் விழுந்த சத்தம் கொஞ்ச நேரம்தான் கேட்டது. பிறகு வாய்க்கால் வற்றத் தொடங்கியது. துருசை மூடிவிட்டார்கள். மீன் குஞ்சுகள் சேற்றில் துடித்தன. எங்கள் காணியில் தண்ணீர் வரம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவருடைய காணியில் முதல் பாத்திகூட நனையவில்லை.

அவர் மண்வெட்டியோடு திரும்பி வந்ததை நான்தான் முதலில் கண்டேன். எங்கள் காணிக்கும் அவர் காணிக்கும் நடுவில் இருந்த வரம்பில் நின்று, ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார். இரண்டாவது வெட்டில் வரம்பு திறந்து தண்ணீர் அவர் பக்கம் பாய்ந்தது. அழுதுகொண்டே வெட்டினார். அப்பா மறு தலைப்பிலிருந்து நெற்பயிரை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். வந்த வேகத்தில் மண்வெட்டியை ஓங்கினார். அது மற்றவரின் வலது கையில், பிடியைப் பற்றியிருந்த விரல்களின் மேல் இறங்கியது. மரத்தில் கோடரி விழுகிற சத்தம்.

அவர் தண்ணீருக்குள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். இடது கையால் வலது கையைப் பொத்திக்கொண்டு, தான் வெட்டிய உடைப்பில் தண்ணீர் சிவந்து தன் காணிக்குள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேல் காணிக்காரர்கள் ஓடி வந்தார்கள். தூக்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்தேன். முதலாவது காணிக்காரர் அவருடைய நெஞ்சில் உதைத்தார். "சத்தியத்தை மீறி வரம்பை வெட்டுறியோ" என்று இன்னொருவர் மாட்டுக் கேட்டியால் முதுகில் அடித்தார். கேட்டி முறியும் வரை அடித்தார். சேற்றில் முகம் புதைந்தவரை மயிரில் பிடித்துத் தூக்கித் திரும்ப அடித்தார்கள். ஒரு போகம் முழுக்க உடையாத மண்டைகளுக்கெல்லாம் சேர்த்து அன்று ஒரே ஆளுக்கு விழுந்தது.

அவருடைய மனைவி குழறிக்கொண்டு வந்து அவர் மேலே விழுந்தா. அவவுக்கும் விழுந்தது. அவர்களுடைய மகளுக்கு ஆறு வயதிருக்கும். அவள் யாரையும் பார்க்கவில்லை. குந்தியிருந்து சேற்றுக்குள் கையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்ன தேடினாள் என்று வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் எனக்கு விளங்கியது. எழும்பி ஓடிப்போய்ச் சத்தி எடுத்தேன். தின்ற பாலைப்பழம் மஞ்சளாக வந்தது.

உழவு மெசின் பெட்டியில் போட்டு அவரை முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்று விரல்கள் போய்விட்டன. நாலைந்து நாளில் எங்கள் வளவில் கதிரை போட்டு, ஊர் வழக்குகளைப் பார்க்கிற விதானையார் விசாரித்தார். கையில் பெரிய கட்டோடு அவரும் வந்து நிலத்தில் இருந்தார். அவருக்குக் கதிரை கொடுக்கவில்லை. விதானையார் என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளை, எவ்வளவு காட்டினது?"

"இருபத்தஞ்சு."

"நீ அந்த இடத்திலதான் இருந்தனியோ? எங்கையும் போகேல்லையோ?"

அப்பா எனக்குப் பின்னால் நின்றார். அவருடைய கையில் மணிக்கூடு ஓடுகிற சத்தம் என் காதுக்குக் கேட்டது.

"எங்கையும் போகேல்லை."

கடைசிக் காணிக்காரர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வரம்பை வெட்டியது அவருடைய பிழை, அதற்குக் கிடைத்த தண்டனை காணும், பொலிசுக்குப் போகத் தேவையில்லை என்று விதானையார் முடித்துவிட்டார். அம்மா எல்லோருக்கும் தேத்தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தா.

உடைப்பை அன்றே அடைத்துவிட்டதால் அவருடைய அரை ஏக்கர் பயிரும் வெயிலில் காய்ந்து எரிந்துபோனது. அடுத்த போகத்தில் அவர் சைக்கிள் ரியூப்பால் மண்வெட்டியைக் கையோடு வரிந்து கட்டிக்கொண்டு கொத்தியதை நீங்களும் பார்த்தீர்கள். அவர் வாய்க்கால் கரையால் போனால் தண்ணீருக்குள் நின்று "இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு" என்று கத்தியவர்கள் நாம்தான். தொடங்கி வைத்தது நான். மற்றவர்களை விடப் பலமாகக் கத்தினேன், ஏனென்றால் எனக்குத்தான் தேவை அதிகம். ஒருமுறை யாரோ எறிந்த கல் அவருடைய பின்னந்தலையில் பட்டது. யார் என்று எறிந்தவருக்குத் தெரியும், இதை வாசிக்கிறவராகவும் இருக்கலாம்.

பிறகு இந்த மண்ணில் நடந்த வெட்டும் வெடியும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மணிக்கூடு இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. அப்பா நலன்புரி முகாமில் காய்ச்சலில் செத்தார். கடைசி வரை தான் செய்தது சரியென்றே இருந்தார். நான் கலியாணம் கட்டி முள்ளியவளைக்கு வந்து, பிள்ளை பெற்று, ஒன்றைப் பறிகொடுத்து, கிழவியாகிக்கொண்டிருந்தேன். அந்த விசாரணை நினைவுக்கு வரும் போதெல்லாம் எனக்குள் ஒரே சமாதானத்தைத்தான் சொல்லிக்கொள்வேன். பாலை மரத்தடிக்குப் போனது உண்மை, போகவில்லை என்று சொன்னது பொய். ஆனால் திரும்பி வந்தபோது மணிக்கூட்டில் பத்துத்தான். கூப்பிட்டது சரியாக இருபத்தைந்தில். ஆகவே என் பொய்யால் ஒருவருக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட நட்டமில்லை. நாற்பது வருடத்துக்கு மேல் இதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நித்திரை கொண்டேன்.

போன ஆனியில் தங்கையின் மகன் சுவிசிலிருந்து வந்தான். அங்கே ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் பாகங்களைப் பூட்டுகிற வேலை. அவன் கையில் கட்டியிருந்ததைக் கண்டதும் நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அதே கறுப்பு முகம், அதே இரண்டு சின்ன வட்டங்கள், அதே இரண்டு பொத்தான்கள். கழற்றித் தந்தான். பின்பக்கம் கண்ணாடி, உள்ளே எல்லாம் தெரிந்தது. கோட்டை மதில் போலப் பற்கள் நின்ற ஒரு குட்டிச் சில்லைக் காட்டி, பொத்தானின் கட்டளையை வாங்குவது இதுதான் என்றான். இந்த அமைப்பு நூறு வருடத்துப் பழசு, இன்னும் இதை விடத் திறமாக ஒருவரும் செய்யவில்லை என்றான். ஆனால் துடிக்கிற மயிரிழைச் சுருள் இப்போது உருக்கு இல்லையாம், சிலிக்கனாம். காந்தமும் சூடும் அதை ஒன்றும் செய்யாது. மயிரைப் பல கூறாகக் கிழித்தால் வருகிற அளவு பிசகினாலும் பாகத்தை எறிந்துவிடுவார்களாம். கடைசியில் ஒவ்வொன்றையும் ஒரு மனிதர் கையால் பூட்டி, காதில் வைத்துக் கேட்டுத்தான் வெளியே விடுவாராம். நல்ல பிள்ளை, தொழிலில் உயிர்.

அவன் மேல் பொத்தானை அமத்தினான். நீட்டு முள் ஓடியது. நான் கேட்டேன், என்ன நினைத்துக் கேட்டேனோ தெரியாது.

"இந்த வலப்பக்க வட்டத்தில முப்பதுதானே கிடக்கு. முப்பது முடிஞ்சா என்ன நடக்கும்?"

"திரும்பப் பூச்சியத்தில இருந்து தொடங்கும், பெரியம்மா. அரை மணித்தியாலம்தான் அதால எண்ண ஏலும். எத்தினை தரம் சுத்தினதெண்டு நாங்கள்தான் ஞாபகம் வைக்க வேணும்."

நான் அந்த மணிக்கூட்டைக் கீழே வைக்கவில்லை. சோறு ஆறியது, தங்கை கூப்பிட்டாள், நான் அசையவில்லை. சின்ன முள் இருபத்தெட்டுக்கு வந்தது, இருபத்தொன்பதுக்கு வந்தது, முப்பதைத் தாண்டி ஒன்றில் போய் நின்றது. கொஞ்சமும் தயங்கவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் அது பத்தில் நின்றது. பள்ளிக்கூட மணி சரி. அந்தப் பியோன் சரி. என் வயிறு சரி. நாங்கள் ஆறு குடும்பமும் சத்தியம் பண்ணி நம்பிய மணிக்கூடும் பிழை சொல்லவில்லை, அதைப் பார்த்திருக்க வேண்டிய நான்தான் அங்கே இல்லை. எங்கள் முறை இருபத்தைந்து நிமிடம் என்பதால், முப்பதுக்குப் பிறகு என்ன என்று கேட்க யாருக்கும் தேவை வந்ததில்லை.

அடுத்த கிழமை பஸ் எடுத்துப் புதுக்குடியிருப்புக்குப் போய், அங்கிருந்து ஓட்டோவில் நம் பழைய வாய்க்காலுக்குப் போனேன். கடைசிக் காணிக்காரர் செத்துப் பல வருடம். அவருடைய மகள் அந்த வளவில்தான் இருக்கிறா. முற்றத்தில் படங்கு விரித்துக் கச்சான் கடலை காயப் போட்டிருந்தா. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டா. புருவத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்ததாகச் சொன்னா. பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, இருங்க என்றா. நான் இருந்து, பாலைப்பழம், பத்து, இருபத்தைந்து, சின்ன முள் எல்லாவற்றையும் சொன்னேன். விதானையாருக்குச் சொன்ன பொய்யையும் சொன்னேன். அவ கச்சானில் சொத்தையைப் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"அந்த முள்ளு கத எனக்கு வெளங்கலக்கா. அது தேவையும் இல்ல. நீங்க அன்னைக்கு மரத்தடியில நின்னது எங்கப்பாவுக்குத் தெரியும்."

"தெரியுமோ?"

"தண்ணி வரலயேன்னு வரம்பால ஏறி வந்தப்பவே பாத்துட்டாரு. நீங்க பொறுக்கிப் பொறுக்கித் தின்னுக்கிட்டு நின்னீங்களாம். ரொம்ப நேரம் நின்னீங்களாம்."

"பிறகேன் அப்பாவிட்டச் சொல்லேல்லை?"

"அதத்தான் எங்கம்மா சாகுற வரைக்கும் கேட்டாங்க. 'அந்தாளு கையில மம்பட்டி இருந்துச்சு, நான் வாயத் தொறந்திருந்தா அந்த எடத்துலயே புள்ளைக்கு விழுந்திருக்கும்'னு சொல்லுவாரு. அம்மா விடமாட்டாங்க. 'அவங்க புள்ளைக்கு விழ வேண்டியத நீ வாங்கிட்டு வந்து நிக்கிற, எம்புள்ளைக்கு யாரு சோறு போடுறது'ன்னு கத்துவாங்க."

"விசாரணையிலயாவது சொல்லியிருக்கலாம்."

"நீங்க போகலன்னு சொன்னப்பொறகா? கீழ உக்கார வச்சவரு சொல்ற சொல்லு எடுபடுமாக்கா?" அவ முதல் தடவையாகக் கையை நிறுத்தினா. "அம்மா உங்கள மன்னிக்கல. எனக்கும் இப்ப வரைக்கும் கோவந்தான். மறைச்சுச் சொல்லத் தெரியாது எனக்கு."

எனக்கு அழுகை வரவில்லை. வெட்கம் வந்தது, வெட்கத்துக்கு மேலே பயம் வந்தது. அந்த மனிதர் என்னைக் கண்டிருக்கிறார். என் சொண்டில் ஒட்டியிருந்த பாலைக் கண்டிருக்கிறார். வளவில் நிலத்தில் இருந்து, நான் பொய் சொல்வதைக் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகு வருடக் கணக்காக, நான் தண்ணீருக்குள் நின்று அவரைப் பார்த்துக் கத்தியதையும் கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். ஒருநாளும் திரும்பி நின்று என்னை ஒரு சொல் கேட்கவில்லை.

"நான் என்ன செய்யோணும், தங்கச்சி? சொல்லுங்கோ."

"எனக்கு ஒன்னும் செய்ய வேணாம். அந்தா பம்பு கழட்டிக்கிட்டு நிக்கிறானுங்களே, எம்பசங்க. தண்ணி திருடிக் கை போனவரோட பேரனுங்கன்னு கேட்டுக் கேட்டே வளந்தவனுங்க. நான் இல்லன்னு சொன்னா, அப்பனுக்காக மக பேசுதுன்னு நெனைக்கிறானுங்க. அவனுங்ககிட்ட சொல்லுங்க."

அவ கூப்பிட்டா. இரண்டு பேரும் கையை எண்ணெய்த் துணியில் துடைத்துக்கொண்டு வந்தார்கள். முப்பது வயதைத் தாண்டியவர்கள், தாத்தாவைப் போலவே ஒல்லி. நான் கதிரையிலிருந்து எழும்பினேன். இருந்துகொண்டு சொல்லலாம் என்று அவ சொன்னா, நான் இருக்கவில்லை. திரும்ப முதலிலிருந்து சொன்னேன். பாலை மரத்துக்கு வந்தபோது இளையவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூத்தவன் கடைசி வரை என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்ப உண்மையில எவ்வளவு நேரம் தண்ணி எடுத்தீங்க?"

"ஐம்பத்தஞ்சு நிமிசம், தம்பி. அதில அரை மணித்தியாலம் உங்கட தாத்தாவின்ர."